கடைசி நாட்களுக்கு யார் சாட்சி?

(செவிலியர் கல்லூரி ஒன்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். பேச்சினிடையே வந்த கிளைச் செய்திகள் சில குறைக்கப்பட்டுள்ளன.)



நான் சமுதாய நலச் செவிலியம் கற்பிப்பவள். நோய் முற்றியவர்களின் வீடுகளுக்குப் போகும் செவிலியர்களோடு நானும் போய்வருவது உண்டு. அந்த வீடுகளின் திண்ணைகளிலும் அடுப்படிகளிலும் கேட்டவற்றையும், இந்தத் துறை உலகில் வளர்ந்த வரலாற்றையும் சேர்த்து யோசித்ததில் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. அதை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒருவரின் கடைசி மாதங்களில் கிடைத்த பராமரிப்பு நல்லதா என்று சொல்லத் தகுதியுள்ளவர்கள் இரண்டே தரப்பினர். ஒருவர் அந்த நோயாளி. மற்றவர் அவரோடு இரவு விழித்திருந்த வீட்டார். இவர்களைக் கேட்டு வளர்ந்த சேவைகள் தழைத்தன. கேட்பது நின்றுபோன இடத்தில், நல்ல நோக்கத்தோடு தொடங்கியவைகூடக் கெட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு, வலியையும் பிற வேதனைகளையும் தணிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சை தேவைப்படுகிறது. கிடைப்பது அவர்களில் 14 விழுக்காட்டினருக்கு. இந்த எண்ணை உயர்த்த வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. கிடைத்த அந்த 14 விழுக்காட்டினருக்கு என்ன கிடைத்தது என்பதே இன்றைய என் பேச்சு.

1. இந்தத் துறை பிறந்ததே நோயாளியின் பேச்சிலிருந்துதான். சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியராக இருந்தார். முதுகுவலி அந்த வேலையைத் தொடரவிடாததால் மருத்துவமனையில் சமூகப் பணியாளர் ஆனார். பிறகு மருத்துவம் படித்தார். 1950களின் இறுதியில் லண்டனில் உள்ள செயின்ட் ஜோசப் இல்லத்தில் சாகக் கிடந்தவர்களின் கட்டிலருகே டேப் ரெக்கார்டரை வைத்து அவர்கள் பேசியதைப் பதிவு செய்தார். வலியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டபோது ஒரு பெண்மணி முதுகில் தொடங்கினார். பேச்சு, தன்னைப் பார்த்துக்கொள்வதற்காகக் கணவரும் மகனும் வேலையை விட்டு வருமானத்தை இழக்க நேருமே என்ற கவலைக்குப் போய்விட்டது. உடல், மனம், உறவு, பணம், இறைநம்பிக்கை எல்லாம் பின்னிக்கிடக்கும் முழு வலி என்ற கருத்தைச் சாண்டர்ஸ் இத்தகைய பேச்சுகளிலிருந்தே எடுத்தார். 1967இல் அவர் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம், இறக்கும் தறுவாயில் உள்ளவர்களைப் பராமரிக்கும் இக்காலத்து ஹாஸ்பிஸ்களுக்கெல்லாம் மூத்தது. டேப் ரெக்கார்டர் சுழன்ற அந்த அறையில் இந்தத் துறை தொடங்கியது, கட்டடம் பிறகு வந்தது.

2. இந்தச் சேவைக்கு வேறு எந்தச் சிகிச்சைக்கும் இல்லாத ஓர் இடர்ப்பாடு உண்டு. பிரசவ வார்டிலிருந்து போகும் தாயிடம் எப்படி இருந்தது என்று கேட்கலாம். கண் அறுவை செய்துகொண்டவரிடம் கேட்கலாம். இங்கே சேவை முடியும்போது அதைப் பெற்றவர் இருப்பதில்லை. அவருக்காகப் பேசக்கூடியவர்கள் துக்கத்தில் இருக்கிறார்கள்.

அதற்காகக் கேட்காமல் விட்டுவிடுவதா? இங்கிலாந்தில் 2011 முதல் 2015 வரை ஆண்டுதோறும் அரசின் புள்ளியியல் அலுவலகம் உறவினரை இழந்தவர்களுக்கு, சில மாதங்கள் கழித்து, ஒரு வினாப்படிவத்தை அஞ்சலில் அனுப்பியது. கடைசி மூன்று மாதங்களில் வலி அடங்கியதா, இறப்பவரிடம் உண்மை சொல்லப்பட்டதா, எங்கே இருக்க விரும்பினார், எங்கே இறந்தார் என்றெல்லாம் அதில் கேட்டார்கள். 2015இல் நான்கில் மூன்று பங்கினர் மொத்தத்தில் பராமரிப்பு நன்று அல்லது அதற்கும் மேல் என்றார்கள். பத்தில் ஒருவர் மோசம் என்றார். என்னை உலுக்கியது வேறொரு விடை. விருப்பம் தெரிவித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் இறக்கவே விரும்பினார்கள். ஆனால் எல்லா நேரமும் வலி முழுமையாகத் தணிந்திருந்தது என்று உறவினர்கள் சொன்ன விகிதம் ஹாஸ்பிஸ்களில் ஐந்தில் மூவர் அளவுக்கு இருந்தது. வீட்டில் ஐந்தில் ஒருவர்தான்.

வீட்டுக்கே செவிலியர் வரும் வசதி நம்மைவிடப் பல மடங்கு உள்ள நாடு அது. அங்கேயே இந்த நிலை. வீட்டில் கண்மூடுவதுதான் நல்ல சாவு என்று நாமும் மேடைகளில் பேசுகிறோம். அந்த வீட்டில் விடிய விடிய வலியால் முனகியவரின் பக்கத்தில் இருந்தவரைக் கேட்ட பிறகு அதே வாக்கியத்தை அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. இந்தத் தகவலை எந்த மருத்துவமனைக் கோப்பும் தந்திருக்காது, கேட்டதால் கிடைத்தது.

3. கேட்பது நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கிலாந்திலிருந்தே ஒரு சான்று உண்டு. மாணவர்கள் இதை நன்றாக மனத்தில் வைக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1990களின் இறுதியில் லிவர்பூல் நகரத்து மருத்துவமனை ஒன்றும் அங்கிருந்த மேரி கியூரி ஹாஸ்பிஸும் சேர்ந்து ஒரு வழிமுறையை உருவாக்கின. ஹாஸ்பிஸில் கிடைக்கும் கனிவான கவனிப்பைச் சாதாரண வார்டுக்கும் கொண்டுபோவது அதன் நோக்கம். பயனற்ற ஊசிகளையும் இரத்தப் பரிசோதனைகளையும் நிறுத்துவது, வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்தை முன்கூட்டியே எழுதிவைப்பது, வாயை ஈரமாக வைத்திருப்பது, குடும்பத்தோடு பேசுவது ஆகியவை அதில் இருந்தன. அருமையான நோக்கம். லிவர்பூல் கேர் பாத்வே என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. எத்தனை நோயாளிகள் அதில் சேர்க்கப்பட்டனர் என்ற கணக்கோடு மருத்துவமனைகளுக்கு நிதியும் இணைக்கப்பட்டது.

பிறகு குடும்பங்களிடமிருந்து புகார்கள் வரத் தொடங்கின. தங்கள் அம்மா அந்த வழிமுறையில் வைக்கப்பட்டிருந்ததே இறந்த பிறகுதான் தெரிந்தது என்றார்கள். தண்ணீர் கேட்டவருக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள் என்று செவிலியர் சொன்னதாகச் சொன்னார்கள். நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் ஊசி மருந்தால் மயங்கிக் கிடந்தார், ஏன் என்று யாரும் விளக்கவில்லை என்றார்கள். ஜூலியா நியூபெர்கர் தலைமையில் அமைந்த சுயேச்சைக் குழு 2013 ஜூலையில் அறிக்கை தந்தது. சரியாகக் கையாளப்பட்ட இடங்களில் மக்கள் அமைதியோடும் மதிப்போடும் இறந்தார்கள் என்பதை அக்குழு மறைக்கவில்லை. பல இடங்களில் அது படிவத்தில் டிக் அடிக்கும் வேலையாகிவிட்டது என்பதையும் மறைக்கவில்லை. நிதி ஊக்கத்தை நிறுத்தவும் அந்த வழிமுறையையே கைவிடவும் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டிலேயே அது கைவிடப்பட்டது.

படிவத்தில் 'குடும்பத்தோடு பேசப்பட்டது' என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டம் நிரம்பியிருந்தது. பேச்சு நடந்ததா என்பது குடும்பத்துக்கு மட்டுமே தெரியும். இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

4. நம் ஊருக்கு வருகிறேன். இங்கே சிக்கல் வேறு. இங்கே குடும்பத்திடம் எல்லாம் சொல்லப்படுகிறது. நோயாளியிடம்தான் எதுவும் சொல்லப்படுவதில்லை.

ஆலோசனை அறையில் முடிவுகளைப் பார்த்துவிட்டு மருத்துவர் நிமிர்வதற்குள் மகன் கண்ணைக் காட்டுவார். "ஐயா, நீங்க வெளியே உக்காருங்க" என்று நோயாளியை அனுப்பிவிட்டு, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர். தெரிஞ்சா அன்னிக்கே போயிடுவார்" என்பார். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. அது பாசத்தில் வருவது. தகப்பனின் தலையில் விழ இருக்கும் இடியைத் தன் தலையில் வாங்கிக்கொள்ளும் பிள்ளையின் துடிப்பு அது. எந்தப் பாடப்புத்தகமும் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

ஆனால் அந்தத் தகப்பனைத் தனியாகச் சந்தித்துப் பாருங்கள். தென்மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், மகன் மருந்து வாங்கப் போன நேரத்தில், ஒரு பெரியவர் எங்களோடு வந்த செவிலியரிடம் சொன்னார்: "தாயி, இது புத்துதான்னு எனக்கு எப்பவோ தெரியும். பயலுவகிட்ட சொல்லிராத. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கானுவ, பாவம்." மகன் அப்பாவுக்காக மறைக்கிறார். அப்பா மகனுக்காக மறைக்கிறார். ஒரே அறையில் இருவரும் தனித்தனியாக அழுகிறார்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தது, யாரிடமிருந்து வர வேண்டியது, எந்த நகை எந்தக் கடையில் அடகில் இருக்கிறது, சீட்டு எந்தப் பெட்டியில் என்பதெல்லாம் அந்தப் பெரியவருக்கு மட்டுமே தெரியும். அவருக்கு மகள் பெயருக்கு எழுத வேண்டிய இடம் இருந்தது. பேச்சுவார்த்தை இல்லாமல் போன தங்கையைப் பார்க்க வேண்டியிருந்தது. நாளாகும், சரியாகிவிடும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கும் வீட்டில் இவற்றை அவர் எப்படித் தொடங்குவார்?

உண்மையைச் சொன்னால் ஆயுள் குறையும் என்ற அச்சத்துக்கு ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், நுரையீரல் புற்றுநோய் பரவிய நிலையில் இருந்த 151 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே நோய் ஆதரவுச் சிகிச்சையும் தரப்பட்டது. அறிகுறிகளைத் தணிப்பது, நோயைப் பற்றி மனம்விட்டுப் பேசுவது, என்ன வேண்டும் என்று கேட்பது ஆகியவைதாம் அது. 2010இல் முடிவு வெளியானது. அவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளும் குறைந்தன. அப்படியும் அவர்கள் வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு 11.6 மாதங்கள், மற்றவர்களுடையது 8.9 மாதங்கள். பேசியதால் ஆயுள் குறைந்ததாகத் தெரியவில்லை.

இது, கண்ட உடனே நோயின் பெயரை நோயாளியின் முகத்தில் வீசுவதற்கான அனுமதி இல்லை. நான் கண்ட திறமையான செவிலியர்கள் முதலில் குடும்பத்தைத்தான் கேட்கிறார்கள்: "சொன்னா என்ன ஆகும்னு பயப்படறீங்க?" அந்தப் பயத்தை முழுதாகப் பேசவிடுகிறார்கள். பிறகு ஒரு வாக்குக் கொடுக்கிறார்கள்: "நானா எதையும் சொல்ல மாட்டேன். அவரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்." அடுத்து நோயாளியிடம் போய், "உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். பெரும்பாலான நேரம் விடை அவரிடமே இருக்கிறது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதுவும் அவருடைய உரிமை. அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நோயாளியைக் கேட்காமல் விடுவது இன்னும் கொடிய எல்லைக்கும் போவதுண்டு. தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று ஒரு கொடுமை இருந்துவருவது செய்திகளில் அடிபட்டிருக்கிறது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு எண்ணெய்க் குளியலும் இளநீரும் கொடுத்து உயிரை முடிப்பது. வறுமையும் பராமரிக்க ஆளில்லாமையும் அதன் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன; உண்மைதான். உறவினர் எல்லாம் கூடிப் பேசி முடிவெடுக்கும் அந்த வீட்டில், கட்டிலில் கிடப்பவரிடம் யாரும் கேட்பதில்லை என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன். அங்கே வாரம் ஒரு முறை செவிலியர் ஒருவர் போயிருந்தால் அவருடைய வலிக்கும் புண்ணுக்கும் மருந்து கிடைத்திருக்கும். அவர் பேச்சைக் கேட்கவும் ஓர் ஆள் இருந்திருக்கும்.

5. வலியைப் பற்றிச் சுருக்கமாக. சட்டபூர்வமாக அபினி விளைவித்து வெளிநாடுகளுக்கும் அனுப்பும் நாடு நம்முடையது. 1985இல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின் மருத்துவமனைகள் உரிமங்களுக்கும் தண்டனைகளுக்கும் அஞ்சி மார்ஃபினை வைத்துக்கொள்வதையே விட்டன. நாட்டின் மார்ஃபின் பயன்பாடு 1985இல் 716 கிலோவாக இருந்தது; 1997இல் 18 கிலோ. அந்த ஆண்டுகளில் புற்றுநோயால் இறந்தவர்களின் வீடுகளை நினைத்துப் பாருங்கள். 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, அத்தியாவசிய வலிமருந்துகளுக்கு நாடு முழுதும் ஒரே விதி வந்தது.

சட்டம் மாறியும் பயம் மாறவில்லை. "மார்ஃபின் ஆரம்பிச்சா அவ்வளவுதான், ஆள் போயிடுவாங்க" என்று வீட்டார் மட்டும் சொல்வதில்லை; சில மருத்துவர்களும் சொல்கிறார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை, கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து, இரவு மாத்திரையின் அளவைக் கூட்டித் தூங்கவிடுவது என்று ஒழுங்காகக் கொடுத்தால் மாதக்கணக்கில் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டு, பேரப்பிள்ளையோடு பேசி வாழ்பவர்கள் உண்டு. இதைக் குடும்பத்திடம் முதல் மாத்திரைக்கு முன்பே சொல்ல வேண்டும். சொல்லாமல் கொடுத்த மாத்திரை அலமாரியிலேயே கிடக்கும்.

6. கேட்டு வளர்ந்த சேவைக்குக் கேரளம் ஓர் எடுத்துக்காட்டு. 1993இல் அங்கே கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் நண்பர்களும் வலி நிவாரணப் பிரிவைத் தொடங்கினார்கள். மருந்து கொடுத்தால் போதும் என்றுதான் எந்த மருத்துவரும் நினைப்பார். ஊர்த் தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போய் உட்கார்ந்து கேட்டபோது, வலி அடங்கிய பிறகு மக்கள் பேசியவை வேறு: அரிசி இல்லை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டவில்லை, கூலிக்குப் போக முடியவில்லை. அதனால் அந்தத் தன்னார்வலர்களின் அமைப்புகள் அரிசியும் கொடுத்தன, பிள்ளைகளைப் படிக்கவும் வைத்தன. மலப்புறம் மாவட்டத்தில் வேர்விட்ட அந்தச் சமுதாய வலைப்பின்னலின் அடியொற்றி 2008இல் கேரள அரசு நோய் ஆதரவுச் சிகிச்சைக்கெனக் கொள்கையை வகுத்தது. உள்ளாட்சிகள் வழியே வீடுகளுக்குச் செவிலியர் போகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. புண்ணைச் சுத்தம் செய்வது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, படுத்தவரை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று சொல்லிக்கொடுப்பது எல்லாம் செவிலியரின் அன்றாட வேலை. போகும் வீடுகளில் அவர்களுக்குள்ள மரியாதையை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

அதே வீடுகளில் கேட்ட குறையையும் சொல்ல வேண்டும். செவிலியர் பகலில் வருகிறார். மூச்சு இரைப்பு இரவில் வருகிறது. "ராத்திரி ரெண்டு மணிக்கு யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல. 108க்குப் போன் பண்ணினோம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. போற வழியிலேயே…" என்று ஒரு மருமகள் சொன்னார். வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று மாமனார் கேட்டிருந்தார், அவர்களும் சம்மதித்திருந்தார்கள். தொண்டையில் கரகரவென்று வந்த சத்தம்தான் அவர்களைப் பதறவைத்தது. விழுங்க முடியாமல் தேங்கும் எச்சிலின் சத்தம் அது. நினைவிழந்தவருக்குப் பெரும்பாலும் அது வேதனை தருவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். இதை முந்தைய வாரமே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த ஆம்புலன்ஸ் வந்திருக்காது.

சாப்பாடும் அப்படித்தான். கடைசி நாட்களில் உடம்பு உணவைக் கேட்பதில்லை. வீட்டாருக்கோ பட்டினி போடுகிறோமே என்ற தவிப்பு. பால் ஊற்ற உறவினர் வரிசையில் நிற்கும்போது, விழுங்காதவருக்குப் பால் மூச்சுக்குழலில் போகும் என்று தடுப்பதைவிட, பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டை ஈரமாக்கச் சொல்லிக்கொடுக்கும் செவிலியரை நான் கண்டிருக்கிறேன். சடங்கும் நிறைவேறியது, நோயாளிக்கும் தொந்தரவு இல்லை. எந்தக் கையேட்டிலும் இல்லாத இந்த அறிவு, அந்தக் குடும்பத்துக்கு என்ன முக்கியம் என்று கேட்டதால் வந்தது.

7. சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பது வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, கடைசிக் காலச் சிகிச்சை பற்றிய தன் விருப்பத்தை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் லிவிங் வில் என்னும் ஆவணத்தை ஏற்றது. அப்போது நீதித்துறை நடுவரின் கையொப்பம் வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அது எளிதாக்கப்பட்டது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியின் சான்று போதும். வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் 1995இல் வெளியான சப்போர்ட் என்ற அமெரிக்க ஆய்வை மறக்கக் கூடாது. ஐந்து பெரிய மருத்துவமனைகளில், இதயத்தை மீண்டும் இயக்கும் முயற்சி வேண்டாம் என்று விரும்பிய நோயாளிகளின் மருத்துவர்களில் 47 விழுக்காட்டினருக்குத்தான் அந்த விருப்பம் தெரிந்திருந்தது. தகவலை மருத்துவர்களுக்குக் கொண்டுசேர்க்கத் தனியாகச் செவிலியர்களை நியமித்துப் பார்த்தும் நிலைமை மாறவில்லை. ஆவணம் பீரோவில் இருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் மகளுக்கு அப்பா என்ன நினைத்தார் என்பது தெரிந்திருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன்னால் வீட்டில் ஒரு மாலை நேரப் பேச்சு நடந்திருக்க வேண்டும்.

8. ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். நம் மாநிலத்தில் வீட்டு வருகைகளின் எண்ணிக்கை பதிவாகிறது. வருகையைப் பெற்றவர்கள் சொன்னதும் பதிவாக வேண்டும். காரியம் முடிந்து உறவினர் கூட்டம் கலைந்த பிறகு, அதே பகுதிக்குப் பொறுப்பில்லாத வேறு ஒரு செவிலியர் அந்த வீட்டுக்கு ஒரு முறை போக வேண்டும். பொறுப்பான செவிலியரே போனால் முகத்துக்கு நேரே யாரும் குறை சொல்ல மாட்டார்கள். போனவர் முதலில், பார்த்துக்கொண்டவர் எப்படி இருக்கிறார் என்று விசாரிக்க வேண்டும். பெரும்பாலும் அது ஒரு பெண், மாதக்கணக்கில் தூங்காதவர், தூக்கித் தூக்கி முதுகு போனவர். பிறகு ஐந்து கேள்விகள். வலி அடங்கியிருந்ததா? நடக்கப்போவதை யாராவது முன்பே சொன்னார்களா? இரவில் கூப்பிட்டபோது யார் பேசினார்கள்? எங்கே இருக்க விரும்பினார், எங்கே இருந்தார்? அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே யாராவது கேட்டார்களா?

விடைகள் வட்டார மருத்துவ அலுவலரின் மாதக் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும், பெயர்கள் இல்லாமல், சொன்னவர் சொன்ன மொழியிலேயே. முதல் ஆண்டு ஒரு மாவட்டத்தில் தொடங்கலாம். அந்த வீடுகளுக்குப் போகும் பயிற்சியை மூன்றாம் ஆண்டு மாணவர்களின் களப்பணியில் சேர்க்க இந்தக் கல்லூரி முன்வந்தால், அவர்களோடு முதல் சில வீடுகளுக்கு நானும் வரத் தயாராக இருக்கிறேன்.